எஸ்யூவி முன்பக்கம் 'கரகர', 'டொக் டொக்'... எந்தச் சத்தத்துக்கு எது காரணம்?

க்ரெட்டா தயாராகும் இருங்காட்டுக்கோட்டையும், 2012-ல் அறிமுகமான டஸ்டர் தயாரான ஒரகடமும் தண்டலத்துக்குப் பக்கம்தான். ஆனால், கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் போனால் எந்த எஸ்யூவியும் ஒருநாள் சத்தம் போடும். மெக்கானிக்கிடம் 'சத்தம் வருது'ன்னு மட்டும் சொல்லாம, எப்போ வருதுன்னு சொல்லுங்க.

பிரேக் பிடிக்கும்போது 'கரகர': பிரேக் பேட் முழுசா தேய்ந்து, இரும்பு டிஸ்க்கை உரசுது. தள்ளிப்போட்டால் டிஸ்க்கும் காலி. பிரேக்கும் சரியா பிடிக்காது.

வேகம் கூடக் கூட உறுமல்: வீல் பேரிங். இடதுபக்கம் திரும்பும்போது சத்தம் அதிகமானால், வலது வீலைப் பார்க்கச் சொல்லுங்க.

ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்': ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறியிருக்கலாம்.

பள்ளத்தில் 'டொக்': லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். லிங்க் ராடுன்னா செலவு குறைவு. பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும்போதே வீல் சாய்ந்துவிடும்.

எது என்று தெரியலையா? மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே ரோட்டில் மெதுவாக ஒரு ரவுண்டு போங்க. பிரேக்கில் 'கரகர' கேட்டாலோ, ஸ்டீயரிங் ஆட்டம் கண்டாலோ மட்டும் ஓட்டிப் பார்க்காதீங்க. வண்டியை டோ பண்ணிடுங்க.