ஒரே நோய், ஒரே குளிசை, வேறு வேறு உடம்பு

நான் ஒரு கணக்காளன்; மருத்துவன் அல்லன். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன என் அக்காவுக்கு மொழிபெயர்க்க மருத்துவமனைக்குப் போய்வந்த காலத்தில் வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

முடக்குவாதம் என்பது உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய். வயது போவதால் வரும் மூட்டுத் தேய்வு வேறு, இது வேறு. இதற்கு வழக்கமாக முதலில் கொடுக்கப்படும் மருந்து மெதோட்ரெக்சேட். கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்கவேண்டியது. தவறுதலாக நாளாந்தம் எடுத்தால் உயிராபத்தில் முடியலாம். சிலருக்கு இது சில மாதங்களில் வீக்கத்தைத் தணிக்கும். வேறு சிலருக்குப் பலன் இராது. எம்.ரி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவின் வேறுபாடு இதற்குக் காரணமா என்று பல ஆய்வுகள் நடந்தன. முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே வந்தன.

ஆனால் அசதயோபிரின் என்ற மருந்தின் கதை வேறு. முடக்குவாதத்துக்கு இன்று குறைவாகவே பாவிக்கப்படும் இம்மருந்தை உடலில் செயலிழக்கச் செய்யும் நொதியங்களில் ஒன்று ரி.பி.எம்.ரி. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இயங்குவதே இல்லை எனலாம். பத்தில் ஒருவருக்கு அரைகுறையாக இயங்கும். இது இயங்காத ஒருவருக்கு வழக்கமான அளவு மருந்தே நஞ்சாகும். என்பு மச்சை பாதிக்கப்பட்டு, வெண்குருதிக் கலங்கள் குறைந்து, கடும் தொற்று ஏற்படலாம். இதனாலேயே பல நாடுகளில் மருந்து தொடங்கமுன் இப்பரிசோதனை செய்கிறார்கள்.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியது இரண்டாவது மரபணுவை. அதன் பெயர் என்.யு.டி.ரி.15. இதன் முக்கியத்துவம் 2014இல், குடல் அழற்சியுள்ள கொரிய நோயாளரிடையே நடந்த ஆய்வில் வெளிப்பட்டது. இதன் குறைபாடுள்ள வடிவம் ஐரோப்பியரிடம் அரிது. கிழக்காசியரிடமும் எம்மைப்போன்ற தென்னாசியரிடமும் கூடுதலாக உண்டு. எனவே முதற்பரிசோதனை மட்டும் சரியென்று வந்தால் எமக்கு அது போதாது. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கு சரியென்று கையொப்பமிட முடியுமா?

அசதயோபிரின் தரப்பட்டால், இரண்டு மரபணுக்களும் பார்க்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் சரியென்றாலும் இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே அறிவியுங்கள். ஒருவருக்குச் சுகம் தந்த குளிசையை உடன்பிறந்தவருக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளானாலும் மரபணு ஒன்றல்ல.