உலர் கண்

உலர் கண் என்பது கண்ணின் மேற்பரப்பை நனைத்து வைத்திருக்கும் கண்ணீர் போதிய அளவு சுரக்காமையாலோ, சுரந்த கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடுவதாலோ ஏற்படும் கண் நோயாகும். எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல், சிவத்தல், இமைத்தால் தெளிந்து மீண்டும் மங்கும் பார்வை ஆகியவை இதன் அறிகுறிகள். கண் வறண்டிருக்கும்போதே கண்ணீர் வழிவதும் உண்டு. உறுத்தலால் தூண்டப்பட்டு மிகையாகச் சுரக்கும் அக்கண்ணீர், கண்ணில் தங்காமல் வடிந்துவிடும். ஆகவே பலர் தமக்குக் கண் வறட்சி இருப்பதாக நம்புவதில்லை.

கண்ணீர்ப் படலம்

கண்ணீர் வெறும் நீரன்று. கருவிழியை ஒட்டிச் சளித்தன்மையுள்ள பொருளும், அதனுடன் கலந்து நீர்ப்பகுதியும், எல்லாவற்றிற்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலமும் அமைந்துள்ளன. எண்ணெயை இமை விளிம்பில் உள்ள மெய்போமியன் சுரப்பிகள் சுரக்கின்றன. இச்சுரப்பிகள் அடைபட்டால் நீர் விரைவில் ஆவியாகும். மனிதர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை கண் இமைக்கின்றனர். கணினித் திரையையோ கைப்பேசியையோ உற்றுப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழாகக் குறையக்கூடும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள இவ்விரு ஊர்களும் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவுப் பகுதியில் அமைந்தவை. ஆடி மாதத்தில் மலையைக் கடந்து வரும் காற்று பெரும்பாலும் புழுதியையே கொண்டுவருகிறது. தலைக்கவசக் கண்ணாடியை இறக்காமல் இருசக்கர வண்டி ஓட்டுபவர்களின் கண்கள் இக்காலத்தில் எளிதில் வறளும்.

பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பின் இவ்வூர் நூற்பாலை நகராக வளர்ந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. ஆலைக்குள் உள்ள காற்று வறண்டது என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில், நூல் அறாமல் இருக்க நூற்புப் பகுதியில் ஈரப்பதம் வேண்டுமென்றே உயர்த்தி வைக்கப்படுகிறது. எனவே புளோ ரூம், கார்டிங் பகுதிகளில் ஏற்படும் உறுத்தலுக்குப் பறக்கும் பஞ்சுத் தூசே முதற் காரணமாக இருக்கக்கூடும். இதற்குச் சொட்டு மருந்தைவிடப் பாதுகாப்புக் கண்ணாடி கூடுதலாகப் பயன்படும். ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பால்கோவா கிண்டுபவர்களுக்குப் புகையால் உண்டாகும் எரிச்சலும் இத்தகையதே. நெசவாளரின் சிக்கல் வேறு. இழையை உற்று நோக்குவதால் அவர் கண் இமைப்பது குறைகிறது.

பிற காரணங்கள்

முதுமை, மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் இயக்குநீர் மாற்றம், நீரிழிவு, முடக்கு வாதம், ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவற்றாலும் இந்நோய் வரும். கண்ணுடன் வாயும் வறண்டால் சோகிரன் நோய்க்குறித்தொகுப்பு உள்ளதா என்று ஆராயப்படும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

சிர்மர் சோதனையில் வடிதாள் பட்டை ஒன்று கீழிமையில் செருகப்படுகிறது. 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டர் கூட நனையாவிட்டால் சுரப்பு மிகக் குறைவு எனக் கொள்ளப்படும். சாயம் இட்டு, இமைத்தபின் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்க்கப்படுகிறது. 10 நொடிக்குள் உடைவது இயல்பன்று.

பெரும்பாலானோருக்குக் கார்பாக்சிமெதில் செல்லுலோசு போன்றவை அடங்கிய செயற்கைக் கண்ணீர் போதுமானது. நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் இட நேர்ந்தால் பதப்படுத்தும் பொருள் சேராத வகையே ஏற்றது. சுரப்பிகள் அடைபட்டிருந்தால் வெதுவெதுப்பான துணியால் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம் கொடுத்து, இமை விளிம்பை மெல்லத் தேய்த்துத் துடைக்க வேண்டும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் படுப்பதும் பயன் தரும். கடுமையான நிலையில் சைக்குளோசுபோரின் சொட்டு மருந்தோ, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பானோ பயன்படுத்தப்படுகிறது.

தவறான வைத்தியம்

உலர் கண்ணைவிட அதற்குச் செய்யப்படும் வைத்தியத்தாலேயே பார்வை இழக்கும் வாய்ப்பு மிகுதி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவது வழக்கத்தில் உள்ளது. இவை கிருமி நீக்கப்பட்டவையல்ல. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பை ஓரிரு நாளில் குறைப்பதால் நல்ல மருந்தென்று நம்பப்படுகிறது. சட்டப்படி இதற்கு மருத்துவர் சீட்டு தேவை. தொடர்ந்து இட்டால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் ஏற்படலாம். உறுத்தலுக்குக் காரணம் பூஞ்சைப் புண்ணாக இருந்தால் அது விரைந்து பரவும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் இலட்சத்தில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாக 1996இல் வெளியான ஆய்வு கணித்தது. இது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் காணப்பட்டதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்காகும். பயிரோ குச்சியோ கீறிய பின் உறுத்தல் தொடங்கினாலும், கருவிழியில் வெண்புள்ளி, கடும் வலி, பார்வைக் குறைவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே கண் மருத்துவரை அணுக வேண்டும். கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை இராஜபாளையத்திலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

குழந்தைகளில்

குழந்தையின் கண் வறண்டு, மாலையில் பார்வை தடுமாறினால் அது வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். வெண்விழியில் நுரை போன்ற திட்டு தோன்றுவது இதன் அடையாளமாகும். செயற்கைக் கண்ணீரால் இது குணமாகாது. கவனியாவிட்டால் கருவிழி கரைந்து பார்வை அறவே போகும். 1970இல் இந்திய அரசு சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை வைட்டமின் ஏ அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சுமார் 15,000 குழந்தைகளிடம் ஆய்வொன்று நடத்தப்பட்டது. 1990இல் வெளியான அதன் முடிவின்படி, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது.