முத்திரை எஞ்சியது, பொருள் எஞ்சவில்லை

இலண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்காமின் சோதனைச் சாலை 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அமைந்தது. வழக்கத்தினும் மிகுதியான மருந்திட்டுக் குழலைச் சுட்டுப் பார்ப்பதும், அது தாங்கினால் முத்திரை குத்துவதுமே இவற்றின் பணி. கல்கத்தா வணிகர் வழியாகச் சமஸ்தானங்களுக்கும் ஜமீன்களுக்கும் வந்து சேர்ந்த ஆங்கிலேய இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இம்முத்திரைகளைக் காணலாம்.

மொழியியல் நோக்கில் முத்திரை ஓர் இறந்தகால வாக்கியம். 'இக்குழல் அன்று தாங்கியது' என்பதற்கு மேல் அது எதையும் கூறுவதில்லை. மாளிகை தீப்பற்றிய பின்னும் அவ்வாக்கியம் அப்படியே நிற்கும். அது சுட்டிய இரும்பு மட்டும் வேறாகியிருக்கும்.

எவ்வளவு வெப்பம் ஏறியது என்பதற்குத் துப்பாக்கியே சாட்சி சொல்லும். இரு குழல்களையும் இணைக்கும் நீண்ட பட்டை, வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசால் ஒட்டப்பட்டது. அக்கலவை 183 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். ஆகவே பட்டை கழன்றிருந்தால் வெப்பம் குழலை எட்டிவிட்டது என்று பொருள். அதற்கும் மேல் ஏறினால் விசையின் வில்தகடுகள் பதம் இழக்கும். எலும்புக்கரியில் வைத்துச் சுட்டு, நீரில் அமிழ்த்திக் கடினமாக்கிய உடற்பகுதியின் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் மங்கும். கட்டை கருகுவதுதான் கண்ணில் முதலில் படுகிறது. ஆனால் அதுவே மிகச் சிறிய சேதம்.

'தமாஸ்கஸ்' குழல்களின் நிலை இன்னும் இக்கட்டானது. (பெயர் சிரிய நகருடையது; அடித்தவர்கள் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் இருந்த கொல்லர்கள்.) இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கி, ஒரு தண்டின்மேல் சுற்றி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கிய குழல் அது. அதன் நீளம் முழுவதும் இணைப்புகள். சம்மட்டி அடியால் பெற்ற இறுக்கத்தை நெருப்பு தளர்த்திவிடும். தளர்ந்த குழலும் தளராத குழலும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கடினத்தன்மையை அளந்தாலன்றி வேறுபாடு புலப்படாது.

பழுதுபார்ப்பின் உண்மையான ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. பட்டையை மீண்டும் ஒட்டுகிறார்கள், நிறத்தை மீண்டும் ஏற்றுகிறார்கள், புதிய கட்டை பொருத்துகிறார்கள். தீ விட்டுச்சென்ற சாட்சிகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. முடிவில் மெருகேறிய உலோகத்தில் பழைய முத்திரை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. தீயைவிட இந்த அழகுபடுத்தலே கொடியது எனலாம்: கருகிய துப்பாக்கியை எவரும் தோளில் வைத்துச் சுடமாட்டார், புதுப்பொலிவு பெற்றதைச் சுடுவார். வெடிக்கும் இடமோ, பெரும்பாலும், குழலைத் தாங்கும் இடக்கைக்கு மிக அருகில் இருக்கும்.

பிரித்தானியச் சட்டம் இதை முன்னுணர்ந்தது. முத்திரை பெற்ற குழல் பின்னர் வலுக்குன்றினால் அது சோதிக்கப்படாததாகவே கருதப்படும். மறுசோதனையின்றி விற்பது குற்றம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் பழுதுபார்த்தலையும் சோதித்தலையும் ஒரே வரிசையில் வைத்து, இரண்டிற்கும் உரிமம் கோருகிறது.