பேரோசையைப் பிடித்து வைத்தவர்கள்

ஒலிப்பதிவின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறு. எடிசனின் மெழுகு உருளை, இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு என்று கருவிகள் மாறிய கதையும், அவற்றை விற்றவர்களின் கதையுமே அதில் பேசப்படுகின்றன. அதற்கு இணையாக இன்னொரு வரலாறும் உண்டு. யாரும் கேட்டுக்கொள்ளாமல், பெரும்பாலும் யாருடைய அனுமதியும் இல்லாமல், கச்சேரிக் கூட்டத்தின் நடுவே ஒரு சிறிய பதிவுக் கருவியோடும் ஒரு மைக்கோடும் நின்றவர்களின் வரலாறு அது. அவர்களைத் திருடர்கள் என்றவர்கள் உண்டு. ஆவணக்காப்பாளர்கள் என்றவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் அவர்களைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் முதலில் நிற்பவர் லயனல் மேப்பிள்ஸன். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா அரங்கின் இசைநூலகர். 1901 முதல் 1903 வரை, எடிசனின் வீட்டுப் பயன்பாட்டுக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அவர் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தார். முதலில் மேடையின் முன்விளிம்பில், பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவர் அமரும் கூண்டிலிருந்து முயன்றார். பிறகு மேடைக்கு மேலே உயரத்தில் இருந்த நடைபாலத்துக்குக் கருவியைக் கொண்டுபோய், பெரிய கூம்புக் குழல் ஒன்றைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தார். ஓர் உருளையில் அடங்கியது ஏறக்குறைய இரண்டே நிமிடங்கள்தான். ஆனால் அக்காலத்தின் மாபெரும் பாடகரான ஜான் த ரெஷ்கேயின் குரலைக் கேட்க நமக்கு இன்று மிஞ்சியிருப்பவை அந்தக் கீறல் விழுந்த உருளைகள் மட்டுமே. விற்பனைக்கு வந்த இசைத்தட்டு எதுவும் அவருக்கு இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஜாஸ் உலகில் டீன் பெனடெட்டி வருகிறார். அவரே ஒரு சாக்ஸஃபோன் கலைஞர். சார்லி பார்க்கரின் வாசிப்பில் தன்னை இழந்தவர். 1947இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹை-டி-ஹோ விடுதிக்குத் தட்டில் ஒலியை வெட்டும் கருவி ஒன்றைச் சுமந்து சென்றார். மறு ஆண்டு நியூயார்க்கில் காகித நாடாவில் பதியும் கருவியைப் பயன்படுத்தினார். தட்டையும் நாடாவையும் மிச்சப்படுத்துவதற்காக, பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் கருவியை ஓடவிட்டு, மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். 1957இல் பெனடெட்டி இறந்தார். அவருடைய பதிவுகள் பல காலம் வெறும் வதந்தியாகவே இருந்து, 1990இல் மொசைக் நிறுவனத்தால் ஏழு குறுந்தகடுகளாக வெளிவந்தன. தொடக்கமும் முடிவும் அற்ற துண்டுகள். ஆயினும் ஒரு மேதை ஒரே பாடலை அடுத்தடுத்த இரவுகளில் எப்படி வெவ்வேறாகச் சிந்தித்தான் என்பதை அத்துண்டுகள் காட்டுகின்றன. ஸ்டூடியோப் பதிவுகளில் அது கிடைக்காது.

மேப்பிள்ஸனுக்கு ஓசை போதவில்லை. பெனடெட்டிக்கு நேரம் போதவில்லை. ராக் இசை வந்தபோது சிக்கல் தலைகீழாக மாறியது. இப்போது ஓசை மிகுதியாகிவிட்டது.

இதைச் சற்று விளக்கவேண்டும். நம் சாதாரண உரையாடல் சுமார் 60 டெசிபெல். பெரிய ராக் கச்சேரியின் முன்வரிசைகளில் அது 110 டெசிபெல்லைத் தொடும். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் ஒலியாற்றலைப் பத்து மடங்காக்கும். ஆக, இந்த ஐம்பது டெசிபெல் வேறுபாடு என்பது ஒரு லட்சம் மடங்கு. பத்திரிகையாளர்கள் பேட்டி எடுப்பதற்காகச் செய்யப்பட்ட கையடக்கக் கருவியை இந்த வெள்ளத்தின் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? பேட்டிக் கருவிகளில் ஒலியளவைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருக்கும். முரசு அதிரும்போதெல்லாம் அது மிரண்டு மொத்த இசையையும் அமுக்கிவிடும். பிறகு மெல்ல மேலே தூக்கும். கேட்பவருக்கு இசை மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். எனவே முதலில் செய்யவேண்டியது அந்த அமைப்பை அணைப்பது.

அதன் பின்னும் பொறி ஒன்று காத்திருந்தது. பல சிறிய கருவிகளில், மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை முதலில் ஒரு முன்பெருக்கி பெரிதாக்கும். பதிவளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதற்குப் பின்னால்தான் இருக்கும். வெள்ளம் முன்பெருக்கியிலேயே கரையுடைத்துவிட்டால், திருகை எவ்வளவு குறைத்தும் பயனில்லை. அளவுகாட்டும் முள் நல்ல பிள்ளையாய்ப் பாதுகாப்பான இடத்தில் நிற்கும், பதிவோ சிதைந்திருக்கும். வீட்டுக்கு வந்து கேட்கும்போதுதான் உண்மை தெரியும். இதற்கான தீர்வுகளை ரசிகர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். மைக்குக்கும் கருவிக்கும் நடுவே மின்னலையைத் தணிக்கும் கம்பியை இணைப்பது ஒன்று. மைக்குக்குத் தனியாக ஒரு பெட்டியில் ஒன்பது வோல்ட் மின்கலத்தைக் கொடுத்து, முன்பெருக்கியைத் தவிர்த்து, வலுவான ஒலிக்கென்று உள்ள மற்ற நுழைவாயிலில் செருகுவது இன்னொன்று. கருவி தரும் இரண்டு மூன்று வோல்ட்டில் திணறும் சிறிய மைக், ஒன்பது வோல்ட்டில் பெரிய முழக்கத்தையும் சிதையாமல் தாங்கும். சுருங்கச் சொன்னால், கருவியைக் குறைவாகக் கேட்கப் பழக்குவதே இந்தக் கலை. கருவியோடு ஒட்டிய மைக்கைவிட்டுத் தனி மைக்கை நாடியதும் இதனால்தான். அதை உயரத்தில் நிறுத்தலாம். ஒலிபெருக்கியை நோக்கித் திருப்பலாம். முன்னால் வருவதை மட்டும் கேட்டு, பக்கத்தில் கூச்சலிடுபவரைப் புறக்கணிக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

1969 நவம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வாசித்தது. கூட்டத்தில் ஒருவர் ஊஹர் 4000 என்ற மேற்கு ஜெர்மானியக் கையடக்க ஸ்பூல் கருவியையும், சென்ஹைசரின் நீண்ட குழல் வடிவ மைக் ஒன்றையும் வைத்திருந்தார். ஒரு மாதத்துக்குள் அந்தப் பதிவு எளிய உறையில் கள்ள இசைத்தட்டாகக் கடைகளுக்கு வந்துவிட்டது. விமரிசகர் க்ரீல் மார்கஸ் அதைப் பாராட்டி எழுதினார். அதே பயணத்தின் அதிகாரபூர்வமான நேரடிப் பதிவை நிறுவனம் வெளியிட்டது 1970 செப்டம்பரில்தான். ஒரு தனிமனிதரின் தோள்பை ஒரு பெரிய நிறுவனத்தை முந்திவிட்டது. கள்ளச் சந்தையும் அதோடு வளர்ந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

சந்தையை மறுத்த மற்றொரு மரபு கிரேட்ஃபுல் டெட் குழுவைச் சுற்றி உருவாயிற்று. 1965 முதல் 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்த குழு அது. ஒரே பாடலை இரண்டு இரவுகளில் ஒரேபோல வாசித்ததில்லை என்பதே அவர்களுடைய புகழ். ஆகவே ஒவ்வோர் இரவும் ரசிகர்களுக்கு ஒரு தனி நூல். எழுபதுகளில் அவர்கள் ஒலிநாடாக்களைப் பண்டமாற்று செய்யத் தொடங்கினார்கள். 1974இல் தோன்றிய 'ரெலிக்ஸ்' இதழ், இந்தப் பரிமாற்றத்துக்கான சிறு செய்திமடலாகவே பிறந்தது. எழுதப்படாத சட்டம் ஒன்றே ஒன்றுதான்: நாடாவைக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கக்கூடாது.

எண்பதுகளில் சோனியின் டிசி-டி5எம் போன்ற தோளில் மாட்டும் கேசட் கருவிகள் இவர்களுடைய அடையாளமாயின. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டு எந்த நிமிடத்தில் முடியும் என்று அந்தக் குழுவுக்கே தெரியாத நிலையில், நாடாவை எப்போது திருப்பிப் போடுவது என்பது ஜோசியத்துக்குச் சமமான கலையாக இருந்தது. இன்றும் பழைய பதிவுகளில் ஓர் அற்புதமான கிதார் ஆலாபனை பாதியில் அறுந்து போவதைக் கேட்கலாம்.

மைக் தாங்கிகள் பெருகப் பெருக, அரங்கின் நடுவே ஒரு காடே முளைத்தது. ஒலி நன்றாக அமையும் இடம் ஒலிக்கலவை மேசைக்கு முன்புறம். எல்லாரும் அங்கேயே நின்றார்கள். பின்னாலிருப்பவர்களுக்கு மேடை தெரியவில்லை, புகார்கள் எழுந்தன. 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரிகளில் குழு ஒரு முடிவெடுத்தது. பதிவைத் தடைசெய்வதற்கு மாறாக, கலவை மேசைக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கி, அதற்குத் தனி அனுமதிச்சீட்டும் விற்றது. வாசித்து முடித்த பிறகு அந்த இசை கேட்டவர்களுடையது என்ற பொருளில் ஜெரி கார்ஸியா பேசிவந்தார். அந்த மனநிலைக்குக் கிடைத்த நிர்வாக வடிவம் இது. ரகசியமாக நடந்தது பகிரங்கமாயிற்று. பதிவாளர்களில் சிலருக்கு வருத்தம் இருந்தது உண்மைதான்; மேசைக்குப் பின்னால் ஒலி அவ்வளவு சிறப்பாக இல்லை.

எல்லாக் கலைஞர்களும் இதை ஏற்கவில்லை. கிங் கிரிம்ஸனின் ராபர்ட் ஃப்ரிப் இதைத் தொடர்ந்து எதிர்த்தவர். அவர் தரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. மேடையில் துணிந்து தோற்பதற்கும் கலைஞனுக்கு உரிமை வேண்டும். ஒவ்வொரு சறுக்கலும் நிரந்தரமாகப் பதியப்படும் என்று தெரிந்தால் அவன் பாதுகாப்பான வழியையே தேடுவான். தனக்கும் கேட்பவருக்கும் இடையே நடந்த ஒன்றை மூன்றாமவர் பையில் போட்டுக்கொண்டு போவதை அவன் எப்படிப் பார்ப்பான்? இந்தக் கேள்விக்கு ரசிகனின் பக்திப் பெருக்கு மட்டுமே விடையாகிவிடாது.

எனினும் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. நிறுவனங்களின் பெட்டகங்கள் நாம் நம்புமளவுக்குப் பத்திரமானவை அல்ல. 2008இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் நேர்ந்த தீ விபத்தில் மூல ஒலிநாடாக்கள் பல அழிந்ததை, 2019இல்தான் உலகம் விரிவாக அறிந்தது. ஓரிடத்தில் பூட்டப்பட்டது ஓரிடத்தில் அழிகிறது. நூறு வீடுகளில் நூறு பிரதிகளாக இருப்பது அவ்வளவு எளிதில் அழிவதில்லை. நம் ஏடுகள் பிழைத்ததும் படியெடுத்தவர்களால்தானே?

அந்தப் படியெடுப்பு 2002இல் இணைய ஆவணக்காப்பகத்தின் நேரடி இசைத் தொகுப்பாக வளர்ந்தது. 2005 நவம்பரில் கிரேட்ஃபுல் டெட் பதிவுகளைத் தரவிறக்கும் வசதி திடீரென நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது. கலவை மேசையிலிருந்து நேராக எடுக்கப்பட்ட பதிவுகளை அங்கேயே கேட்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. கூட்டத்தில் நின்று ரசிகர்கள் பதிந்தவற்றை முன்போல் இறக்கிக்கொள்ளலாம். அவ்வளவாக மதிக்கப்படாமலிருந்த கூட்டத்துப் பதிவு, அன்று தன் உரிமையை நிலைநாட்டிக்கொண்டது.

கருவிகள் அதன்பின் வெகுதூரம் வந்துவிட்டன. 24 பிட் பதிவு வந்ததும் அளவைத் தாழ்வாக வைத்துக்கொண்டே இரைச்சலின்றிப் பதிய முடிந்தது. 2019இல் கையடக்கக் கருவிகளுக்கு வந்த 32 பிட் மிதவைப் புள்ளி முறையில், அளவைத் திருகவேண்டிய தேவையே ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் மைக்கே திணறினால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது; நிற்கும் இடம் தவறினால் எந்தக் கருவியும் திருத்தாது. எங்கே நிற்பது என்பதை இன்றும் காதுதான் சொல்லவேண்டும்.

கலவை மேசைப் பதிவில் இசை மட்டும் இருக்கும். கூட்டத்துப் பதிவில் அரங்கு இருக்கும். எதிரொலி, கைதட்டல், முதல் சுரத்திலேயே பாடலை அடையாளம் கண்டுகொண்டவர்களின் ஆரவாரம், யாரோ யாரையோ அழைக்கும் குரல். ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் நாம் கேட்கவே முடியாது. மைக்குக்கு மிக அருகில் நின்றதால், தனக்கு மிகப் பிடித்த பாடலுக்குக்கூடக் கைதட்டாமல், கூடப் பாடாமல், மூன்று மணி நேரம் வாய்மூடி நின்றவர் அவர். அந்த மௌனத்தின் விலையில்தான் மற்ற அனைவரின் ஓசையும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.