இடிக்கிறதும் மறக்கிறதும்: இசேயிலிருந்து நல்லூருக்கு

ஜப்பானில் மியே மாகாணத்தில் இசே என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிந்தோ ஆலயத்தைத்தான் அந்த நாட்டு ஆலயங்கள் எல்லாவற்றிலும் முதன்மையானதாகச் சொல்லுவார்கள். சூரிய தெய்வமான அமதெரசு அங்கே வீற்றிருப்பதாக நம்பிக்கை. அந்தக் கோவில் எவ்வளவு பழசு என்று கேட்டால் இரண்டு மறுமொழி கிடைக்கும். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல் என்பது ஒன்று. 2013ஆம் ஆண்டு கட்டினது என்பது மற்றது. இரண்டும் சரி.

இசேயில் 20 வருஷத்துக்கு ஒருக்கா கோவிலைப் புதிதாகக் கட்டுகிறார்கள். இப்போது இருக்கிற கோவிலுக்குப் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு வெறுங்காணி இருக்கும். அதில் அதே வடிவில், அதே அளவில், அதே வகை மரத்தில் புதுக் கோவில் எழும்பும். எழும்பின பிறகு, ஓர் இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, தெய்வத்தைப் பழைய கோவிலிலிருந்து புதுக் கோவிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். பிறகு பழசைப் பிரித்துவிடுவார்கள். கி.பி. 690இல் முதல் தடவை நடந்தது. 2013இல் நடந்தது 62ஆவது தடவை. அடுத்தது 2033இல்.

இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்து ஆள் ஒருவருக்கு உடனே ஒரு சொல் ஞாபகம் வரும்: பாலஸ்தாபனம். எங்கட கோவில்களிலும் 12 வருஷத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம் செய்ய வேணும் என்பது வழக்கம். திருப்பணி தொடங்க முன்னம் மூலவரின் சக்தியைச் சின்னதாக அமைத்த பாலாலயத்துக்கு மாற்றுவோம். வேலை முடிய, திரும்பவும் மூலஸ்தானத்துக்கு. இசேக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் கடலும் மதமும் மொழியும் கிடந்தாலும், கட்டடம் கிழடாகும், தெய்வம் கிழடாகாது என்ற எண்ணம் ஒன்றுதான்.

அப்படியென்றால் எங்கட கோவில்கள் எவ்வளவு பழசு? கலைப்பீடத்தில் ஒன்றாகப் படிக்கிற நாங்கள் ஆறு பேர், இந்தக் கேள்வியோடு கொஞ்சக் காலமாகச் சனி ஞாயிறுகளில் குடாநாட்டைச் சுற்றுகிறோம். சைக்கிள், பஸ், சில நேரம் ஆற்றையேன் மோட்டார் சைக்கிள். பார்த்ததிலும் வாசித்ததிலும் இருந்து ஒரு விஷயம் எங்களுக்குத் தெளிவாகியிருக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நல்லூரிலிருந்து தொடங்குவோம். நல்லூர் யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகர். 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1621இல் பிலிப் டி ஒலிவேறா என்ற தளபதி கந்தசுவாமி கோவிலை இடிப்பித்தான். பழைய கோவில் நின்ற இடம் முத்திரைச்சந்தியில் இப்போது கிறிஸ்தவ தேவாலயம் இருக்கிற பக்கம் என்று கருதப்படுகிறது. அதற்குக் கிட்டத்தான் யமுனாரி என்கிற, 'ப' வடிவில் வெட்டின கேணி. அரசன் யமுனை நதியின் தண்ணீரைக் கொண்டுவந்து இதில் விட்டான் என்பது ஊர்க்கதை. நாங்கள் போன நேரம் அதில் பாசிதான் கூட.

இப்போது நாங்கள் கும்பிடுகிற நல்லூர்க் கோவில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 அளவில், குருக்கள் வளவு என்ற காணியில் இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் எழுந்தது. தொடக்கத்தில் ஓலையால் வேய்ந்த மடாலயம்தான். 1749இல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டினார்கள். 1899இல் மணிக்கூட்டுக் கோபுரம் வந்தது. 1964இல் வசந்த மண்டபம். 2011இல் தெற்குப் பக்கத்து ஒன்பது நிலை இராஜகோபுரம். 2015இல் வடக்குக் கோபுரம். மூலஸ்தானத்தில் வேல்தான் இருக்கிறது. கோவில் ஆகம முறைப்படி இல்லை என்று ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே பிடித்தவர்.

ஆகவே கல்லைத் தொட்டுப் பார்த்து வயது சொல்ல வெளிக்கிட்டால், நல்லூர் அவ்வளவு பழசில்லை. ஆனால் திருவிழா நேரம் கட்டியம் சொல்லுவதைக் கவனித்துக் கேட்டால் வேறு கதை. அதில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் வரும். 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்ட செண்பகப் பெருமாளோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லுவார்கள். கோவில் இடிபட்டது, இடம் மாறியது, ஆட்சி நாலு தரம் மாறியது. பெயர் மட்டும் வாய்க்கு வாய் வந்துகொண்டே இருக்கிறது. கல்லுக்கு முடியாமல் போனதை ஒரு சொல் தாங்கிப் பிடித்திருக்கு.

இதுதான் எங்கட முதல் விளக்கம்: ஒரு கோவிலின் பழமை கட்டடத்தில் மட்டும் இல்லை. 1994இல் ஜப்பானின் நாரா நகரில் கூடின மரபுரிமை அறிஞர்கள் வெளியிட்ட நாரா ஆவணமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுகிறது. கல்லாலே கட்டிக் கல்லையே காப்பாற்றுகிற ஐரோப்பியர் வைத்திருந்த அளவுகோல் எல்லா ஊருக்கும் பொருந்தாது. வடிவம், பயன்பாடு, கைமரபு, வழிபாடு எல்லாம் சேர்ந்துதான் ஒரு இடத்தின் உண்மைத்தன்மை. ஒவ்வொரு பண்பாடும் தன் கண்ணால் அதைப் பார்க்க வேணும்.

இதை வாசித்துவிட்டு, "அப்ப சரி, நாங்களும் இடிச்சுக் கட்டலாம்தானே" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இசேக்காரர் இடிக்கிற மாதிரியா நாங்கள் இடிக்கிறோம்?

இசேயில் தூண்களை அத்திவாரக் கல் இல்லாமல் நேரே மண்ணில் நடுகிறார்கள். கூரை புல்லால் வேய்ந்தது. ஆகவே அது உக்கத்தான் செய்யும். உக்கும் என்று தெரிந்தே, 20 வருஷம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கு. இருபது வயதில் எடுபிடியாக வேலைக்கு வந்த தச்சன் நாற்பது வயதில் அடுத்த கோவிலைத் தானே நின்று கட்டுவான். அறுபதில் பக்கத்தில் இருந்து பிழை பிடிப்பான். கட்டடம் போனாலும் கை போகாது. கோவிலோடு சேர்த்து உள்ளே வைக்கிற ஆடை, வாள், கண்ணாடி என்று 1,500க்கு மேற்பட்ட பொருட்களையும் புதிதாகச் செய்கிறார்கள். அந்தந்தத் தொழில் தெரிந்த ஆட்கள் அதனால் அற்றுப்போவதில்லை. மரத்துக்காக 1923இலேயே திட்டம் போட்டு, இருநூறு வருஷம் கழித்து வெட்டப்போகிற மரத்தை நட்டிருக்கிறார்கள். பிரித்த பழைய மரமும் வீண்போகாது. பிரதான தூண்கள் வாசல் வளைவாக மாறும், மற்றவை வேறு ஆலயங்களுக்குப் போகும்.

எங்கட பக்கம் வருவோம். குடாநாட்டுப் பழைய கோவில்களும் மடங்களும் பொழிகல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டினவை. மேலே பனஞ்சலாகை, ஓடு. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். தெரு நடுவால் போக, இரண்டு பக்கமும் திண்ணை, மேலே கூரை, கல்லுத் தூண்களில் அளவான வேலைப்பாடு. அந்த வேலையைச் செய்த கைகள் இப்போது எங்கே? திருப்பணி என்றால் முதலில் கேட்கிறது கொங்கிறீற்றுக்கு எவ்வளவு முடியும் என்றுதான். சிற்ப வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிமார் வருகினம். அவையள் நல்ல வேலைகாரர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவையள் கட்டுறது அவையளின்ர ஊர்க் கோவிலை. முடிய, வலிகாமத்துக் கோவிலும் வடமராட்சிக் கோவிலும் ஒரே முகத்தோடு நிற்கும்.

இசேயில் கட்டடத்தை விட்டுக் கையைக் காப்பாற்றினார்கள். நாங்கள் கட்டடத்தையும் விட்டு, கையையும் விடுகிறோம். வடமராட்சியில் ஒரு சின்னக் கோவிலில், இதை இவ்வளவு கடுமையாக இல்லாமல் அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் சொன்னோம். அவர் சிரித்துப்போட்டுச் சொன்னார்:

"பிள்ளையள், மழைக்கு மூலஸ்தானம் ஒழுகுது. நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போயிடுவியள். நனைஞ்சு நனைஞ்சு பூசை பார்க்கிறது நாங்கள்தானே."

அவர் சொன்னது நியாயம். கோவில் ஒரு நூதனசாலை இல்லை. விளக்கெரிகிற இடம். யுத்தத்தில் எல்லாம் இழந்த சனம், வெளிநாட்டில் இராப்பகலாக வேலை செய்து அனுப்புகிற காசில் தங்கட ஊர்க் கோவிலைப் பெரிதாகக் கட்டிப் பார்க்க ஆசைப்படுவதில் பிழை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. கீரிமலை நகுலேஸ்வரத்தை எடுத்துப் பாருங்கோ. போர்த்துக்கேயர் இடித்ததை 19ஆம் நூற்றாண்டில் நாவலரின் தூண்டுதலோடு திரும்பக் கட்டினார்கள். 1990இல் விமானக் குண்டு விழுந்தது. வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகியது. பிறகு 2012இல்தான் கும்பாபிஷேகம். அங்கே போய் நின்று "பழைய கல்லை ஏன் வைச்சிருக்கேல்லை" என்று கேட்க ஆருக்கு வாய் வரும்?

ஆகவே இடிக்காதேங்கோ என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கட கேள்வி வேறு: இடிக்க முன்னம் என்ன செய்கிறோம்?

இதற்கும் ஜப்பானில் ஒரு கதை இருக்கு. நாராவுக்குக் கிட்ட ஹொரியூஜி என்ற பௌத்த கோவில். உலகத்தில் எஞ்சியிருக்கிற மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான் இருக்கின்றன. அதன் பொன் மண்டபச் சுவரில் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருந்தன. 1949 ஜனவரி 26ஆந் தேதி தீப்பிடித்து அவை கருகிப்போயின. நாடே அதிர்ந்தது. அடுத்த வருஷமே, 1950இல், பண்பாட்டுச் சொத்துக்களைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று, தீக்கு முன்னம் நடந்திருந்தது. 1935இல் அந்த ஓவியங்களை முழு அளவில், கண்ணாடித் தகடுகளில், துண்டு துண்டாகப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்களை வைத்துத்தான் 1960களின் கடைசியில் ஓவியர்கள் கூடி, திரும்ப வரைந்து சுவரில் வைத்தார்கள். யாரோ ஒரு சிலர் 14 வருஷத்துக்கு முன்னம் பொறுமையாகச் செய்த வேலை அது.

எங்களிடம் அந்த 1935 இல்லை. கும்பாபிஷேகம் முடியக் கும்பாபிஷேக மலர் ஒன்று வெளிவரும். நாங்கள் நூலகம் இணையத்தளத்தில் கனக்க மலர்களைத் திறந்து பார்த்தோம். வாழ்த்துச் செய்திகள் இருக்கும், உபயகாரர் பட்டியல் இருக்கும், தலவரலாறு இருக்கும். இடித்த மண்டபத்தின் நீள அகலம்? தூண் எத்தனை? கல் எங்கேயிருந்து வந்தது? கட்டின ஆசாரியின் பெயர்? நாங்கள் பார்த்தவற்றில் அபூர்வம்.

இன்னொரு பயமும் இருக்கு, அதை மறைக்கத் தேவையில்லை. "கனக்கப் பதியாதேங்கோ தம்பி, பழசு என்று தெரிஞ்சால் தொல்லியல் திணைக்களம் வந்து போர்டு போட்டுடும்" என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சொன்னார்கள். குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பார்த்த சனத்துக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. இதிலும் ஜப்பான் ஒரு பாடம். அங்கே சிந்தோவும் பௌத்தமும் நூற்றாண்டுக் கணக்காக ஒரே வளவுக்குள் கலந்து கிடந்தவை. 1868இல் வந்த மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்கச் சொல்லிக் கட்டளை போட்டது. அதைத் தொடர்ந்து ஏராளமான பௌத்த கோவில்கள் அழிந்தன, சிலைகள் உடைபட்டன. எது ஆருடையது என்று அரசு கோடு கிழிக்கத் தொடங்கினால் கலந்திருந்த வரலாறுதான் முதலில் சாகும்.

எங்கட வரலாறும் கலந்ததுதான். கந்தரோடையில் 1917 அளவில் போல் ஈ. பீரிஸ் ஆய்வு செய்த சிறு தூபிகள் வேலிக்குள் நிற்கின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் கிடைத்த கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு என்ற பொலநறுவை அரசன் வெளியிட்டது. ஆனால் எழுதினது தமிழில். ஊர்காவற்றுறைக்கு வருகிற வெளிநாட்டு வணிகரைப் பற்றியும் உடைந்த கப்பல்களைப் பற்றியும் பேசுகிறது. சிங்கள அரசன், தமிழ் எழுத்து, அம்மன் கோவில். இதைப் பயத்தில் நாங்கள் எழுதாமல் விட்டால், வேறு ஆரும் எழுதும்போது பாதியைத்தான் எழுதுவார்கள். பயத்துக்கு மருந்து மறைக்கிறது இல்லை, எங்கட கையாலேயே முதலில் எழுதி வைக்கிறது.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பாலஸ்தாபனத்துக்கு நாள் வைத்த உடனே, முதல் மண்வெட்டி விழ முன்னம், ஒரு கிழமை போதும். அளவு நாடா ஒன்று, போன் கமரா ஒன்று. நாலு பக்கமும் படம். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு இலக்கம். நிலத்தில் ஒரு வரைபடம். ஊரில் எண்பது வயது கடந்தவர்களின் வாயால் ஒரு பதிவு: ஆர் கட்டினது, எப்ப ஓடு போட்டது, எந்தக் கல் எந்தக் கிணற்றடியில் இருந்து வந்தது. இடிக்கிற பொழிகல்லில் ஒரு தூணையாவது வீதியின் ஒரு மூலையில் நிறுத்தி வையுங்கோ. மலரில் நாலு பக்கம் இதற்கு ஒதுக்குங்கோ.

அந்த வடமராட்சிக் கோவிலில் இரண்டு ஞாயிறு இருந்து நாங்கள் இதைச் செய்து முடித்திருக்கிறோம். 24 தூண், ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், கேணியடியில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு ஆவுரோஞ்சிக்கல். ஒழுகுகிற மூலஸ்தானத்தைச் சபை இனிப் பிரிக்கலாம். பிரிக்கத்தான் வேணும்.

உங்கட ஊர்க் கோவிலில் பாலஸ்தாபனத்துக்கு நாள் பார்த்திருந்தால் எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கோ. கும்பாபிஷேக அழைப்பிதழ் பிறகு வரட்டும். இடிக்க முன்னம் வாறது எங்களுக்கு முக்கியம்.