ஜார்ஜ் டவுன் பழைய நிலப்படங்கள்

பினாங்குத் தீவில் உள்ள மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனைக் காட்டும் ஆங்கிலேயர் காலத்து அளவைப் படங்கள். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் தீவைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில், கப்பல் அதிகாரி ஹோம் ரிக்ஸ் பாப்ஹாம் தீவையும் நகரையும் அளந்து வரைந்தார். லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு, மலபார் தெரு ஆகிய நான்கும் சூழ்ந்த கட்டம்தான் அந்தப் படத்தில் நகரம். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் குடியேறிய மலபார் தெருதான் இன்றைய சூலியா தெரு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதன் அருகிலேயே உள்ளது.

1890களின் தொடக்கத்தில் கெல்லி என்பவர் வரைந்த படம் நுணுக்கத்தில் பாப்ஹாமின் படத்தை விஞ்சுகிறது. ஒவ்வொரு கடைவீட்டின் தரைப்பரப்பு வடிவத்தையும் அது காட்டுவதால், மரபுக் கட்டடங்களை ஆராய்வோருக்கு இதுவே முதல் துணை.

பிற்காலத்தில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வந்த மலாயாப் படங்கள் மலைச்சரிவைச் சமவுயரக் கோடுகளால் குறித்தன. அவற்றில் பெருநிலத்து ரயில் தண்டவாளம் தீவின் எதிர்க்கரையில் உள்ள பிறையோடு நின்றுவிடும். ஆனாலும் தீவில் மணிக்கூண்டோடு ஒரு ரயில்வே கட்டடம் எழுந்தது. பயணிகள் அங்கே சீட்டு வாங்கி, படகேறிப் போய் ரயிலைப் பிடித்தார்கள். அக்கட்டடம் இன்று சுங்கத்துறை அலுவலகம்.