அடைக்கலம் கொடுத்தவர்

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றொரு பகுதி உண்டு. மதுரைப் புறஞ்சேரியிலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டபின், அடைக்கலம் காக்கத் தவறினேனே என்ற துயரில் அந்த மாதரி தீயிற் புகுந்து உயிர் விடுகிறாள். வகுப்பில் இப்பகுதிக்கு வரும்போதெல்லாம் மாத்தளையிற் பிறந்த ஒருவரின் கதை என் நினைவுக்கு வரும்.

பிரேம்குமார் என்ற பெயரில் 1951இல் பிறந்தவர் அவர். எழுபதுகளில் காவியுடுத்துப் பிரேமானந்தா ஆனார். மாத்தளையில் ஆச்சிரமமும் அமைத்தார். வெறுங்கையில் திருநீறு வரும். சிவராத்திரியன்று வாயிலிருந்து இலிங்கம் வரும். கண்டவர்கள் அவதாரமென்றே கொண்டார்கள். 1983 ஆடிக் கலவரத்தில் ஆச்சிரமம் எரிந்தது. ஆதரவற்ற பிள்ளைகளோடு தமிழகம் சென்றவர், திருச்சிக்கு அண்மையில் பாத்திமா நகரிலே சுமார் 150 ஏக்கரில் புதிய ஆச்சிரமம் எழுப்பினார். வெளிநாட்டு அடியவர்களும் வந்து சேர்ந்தனர்.

இந்தச் செல்வாக்குக்கு இலிங்கந்தான் காரணம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கட்டிய துணியோடு வீட்டைவிட்டு ஓடியவர்கள் நம்மவர்கள். அவர்களைப் போலவே எரிக்கப்பட்ட ஒருவர், தாய் தகப்பனற்ற பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கிறார். அதற்குமேல் என்ன அற்புதம் வேண்டும்?

1994இல் ஆச்சிரமத்திலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகள் வாய் திறந்தார்கள். வளவுக்குள் புதைக்கப்பட்டிருந்த இலங்கைத் தமிழ்ப் பொறியியலாளர் ஒருவரின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. கருவுற்ற ஒரு பெண்ணின் கருவை ஐதராபாத் ஆய்வுகூடத்தில் மரபணுச் சோதனை செய்தபோது தந்தை யாரென்பது துலங்கிற்று. ராம் ஜெத்மலானியே வாதாடியும் பயனில்லை. 13 பெண்களை வல்லுறவுக்கு உட்படுத்தியமைக்கும் கொலைக்குமாக, 1997 ஆவணியில் புதுக்கோட்டை அமர்வு நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனையும் 67 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தண்டப்பணமும் விதித்தார். 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

'ஏன் முன்பே ஓடவில்லை?' என்று மாணவர் கேட்பதுண்டு. எங்கே ஓடுவது? அவர்களில் பலர் இலங்கையிலிருந்து போன பிள்ளைகள். அந்த வளவுக்கு வெளியே அவர்களுக்கு ஊரேது, உறவேது?

2011 மாசியில் அவர் கைதியாகவே இறந்தார். குற்றமற்றவர் என்று நம்புவோர் இன்றும் உண்டு. இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராயிருந்து, 2013இல் வடமாகாண முதலமைச்சரான சி. வி. விக்னேஸ்வரன் தம்மை அவருடைய அடியவர் என்று வெளிப்படையாகவே சொல்பவர். உடல் பாத்திமா நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அங்கே ஆச்சிரமம் இன்னும் நடக்கிறது.